கடைமடைக்கும் பாய வேண்டும் செய்தி

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

உழவுக்கு இன்றியமையாதன யாவை என்று வகுப்பில் கேட்டால், நிலம், நீர், விதை, எரு, உழைப்பு என ஐந்தையும் நாங்கள் விரல்விட்டுச் சொல்லிவிடுவோம். ஆனால் ஆறாவதாக ஒன்று உண்டு. அதை மூட்டையில் கட்ட முடியாது. களஞ்சியத்தில் சேர்த்து வைக்கவும் முடியாது. உரிய வேளையில் கிடைத்தால் பொன். வேளை தவறினால் வெறும் பேச்சு. அதுதான் செய்தி.

திருவள்ளுவப் பெருந்தகை உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். செவிவழி அறிவதைத்தான் அவர் கேள்வி என்கிறார். அவ்விரண்டு அதிகாரங்களும் நூலில் தள்ளித் தள்ளி நிற்கலாம். எங்கள் ஊர் வயலில் அவை இரண்டும் ஒரே வரப்பில்தான் நடக்கின்றன. உழவர் நடுவே செய்தி எவ்வாறு பிறக்கிறது, எவ்வழியே பாய்கிறது, யாரிடம் சென்று சேராமல் நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

எங்கள் ஊரும் நீரும்

சமயநல்லூர், மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் வைகைக்கு வடபால் உள்ளது. மதுரைப் பக்கம் பரவை; மேற்கே வெற்றிலைக்குப் பேர்போன சோழவந்தான்; வடமேற்கே வாடிப்பட்டி; வடகிழக்கே கரும்புக்கும் சல்லிக்கட்டுக்கும் பெயர்பெற்ற அலங்காநல்லூர். நெல், தென்னை, வாழை, காய்கறி, மல்லிகை ஆகியவை இவ்வட்டாரத்தின் செல்வங்கள்.

இவ்வளவு பசுமைக்கும் ஊற்று நெடுந்தொலைவில் இருக்கிறது. மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் கர்னல் பென்னிகுயிக். அவர் கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு நிறைவுற்றது. அந்நீரும் வைகை நீரும் சேர்ந்து தங்கும் வைகை அணை 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கிருந்து வரும் நீர் பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது.

ஆகவே, எங்கள் பகுதி உழவர் காலையில் முதலில் தேடும் செய்தி அரசியலும் அன்று, திரைப்படமும் அன்று, அணையின் நீர்மட்டமே. பெரியாறு அணையின் முழு நீர்மட்ட அளவு 152 அடி. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரை நீர் தேக்கலாம். வைகை அணையின் முழு அளவு 71 அடி. வைகையில் நீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. கணக்குப் பாடத்தில் தடுமாறும் பாட்டிமார்கூட இந்த எண்களைப் பிசகாமல் சொல்வார்கள்!

ஒரு தேதியின் விலை

ஒரே ஒரு செய்தி ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்குத் தண்ணீர் திறக்கும் தேதியே தக்க சான்று.

பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலம் 45,041 ஏக்கர். இதில் வாடிப்பட்டி வட்டத்தில் 16,452 ஏக்கரும், மதுரை வடக்கு வட்டத்தில் 26,792 ஏக்கரும், நிலக்கோட்டை வட்டத்தில் 1,797 ஏக்கரும் அடங்கும். அணையில் போதிய நீர் இருந்தால் முதல் போகத்துக்கு ஜூன் மாதத்தில் நீர் திறப்பது வழக்கம். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் 120 நாள் தண்ணீர். முதல் 45 நாள் முழுமையாகவும், பின்னர் 75 நாள் முறை வைத்தும் விடுவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, நாற்று வளர்வதற்கு மூன்று வாரத்துக்கு மேலாகும். திறக்கும் தேதி முன்கூட்டியே தெரிந்தவர், கிணற்று நீரைக் கொண்டு நாற்றங்கால் பாவிவிடுவார். கால்வாயில் தண்ணீர் வந்ததும் தொழி உழுது நட்டுவிடுவார். பிந்தித் தெரிந்தவர் தண்ணீரைக் கண்ட பிறகே விதை நெல்லை ஊற வைப்பார். அவருக்கு நடவும் பிந்தும், அறுவடையும் பிந்தும். அறுவடை வடகிழக்குப் பருவமழையில் சிக்கினால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். இருவரும் ஒரே விதையைத்தான் இட்டனர். ஒரே கால்வாய் நீரைத்தான் பாய்ச்சினர். ஒருவருக்கு நெல்லும் மற்றவருக்கு நட்டமும் கொடுத்தது ஒரு தேதி அல்லவா?

இரண்டாவது, முறை வைத்து விடும் 75 நாள்களில் எந்த நாளில் நீர் வரும், எந்த நாளில் நிற்கும் என்பது தெரிய வேண்டும். மடையை அடுத்த வயலுக்கு அது பெரிய காரியமன்று. கால்வாயின் கடைசியில் உள்ள வயலுக்கோ அதுவே உயிர். தலைமடையில் நீர் நிறைந்து வழியும். கடைமடையில் வரப்பு வெடித்துக் கிடக்கும். செய்தியும் அப்படித்தான். அதற்கும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு.

தண்டோரா முதல் தந்தி வரை

முற்காலத்தில் ஊர்ச் செய்தி தண்டோரா வழியே வந்தது. கால்வாயில் நீர் வருவது, கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டியது, ஆடு மாடு பயிரில் மேய்ந்தால் அபராதம் என யாவும் பறையொலியுடன் தெருத்தெருவாய் அறிவிக்கப்பட்டன. ஆனால், அப்பறையைச் சில குடும்பத்தாரே அடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதும், அவர்களை இழிவாக நடத்தியதும் அம்முறையின் தீராத குறையாகும். 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தாலே செய்தி மூலை முடுக்கெல்லாம் சேருமே! ஒருவர் மானத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் செய்தி ஊருக்குப் பெருமையாகுமா?

பின்னர்ச் செய்தித்தாள் வந்தது. 1942ஆம் ஆண்டு சி. பா. ஆதித்தனார் இதே மதுரையில்தான் தினத்தந்தியைத் தொடங்கினார். எளிய தமிழில் அச்சான தாளை டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டனர். ஒரு தாள் பத்துப் பேருக்குச் செவிப்பள்ளி ஆயிற்று.

ரேடியோ நெல்

செய்தியின் ஆற்றலுக்குத் தமிழ்நாட்டில் பெயரே வைத்துக் கொண்டாடப்பட்ட ஒரு சான்று உண்டு. அதுதான் 'ரேடியோ நெல்'.

தஞ்சை மாவட்டம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகம் உருவாக்கப்பட்டது. ஜப்பானிய நெல் ஒன்றையும், கோயம்புத்தூரில் உருவான ஜி.இ.பி. 24 என்னும் ரகத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பெற்ற பிள்ளை அது. குறுகிய காலத்தில் விளையக்கூடியது. 1960களின் நடுப்பகுதியில் திருச்சி வானொலி இந்நெல்லைப் பற்றி உழவர் நிகழ்ச்சியில் இடைவிடாமல் எடுத்துரைத்தது. எப்போது விதைப்பது, எவ்வளவு உரமிடுவது, எந்நாளில் களையெடுப்பது என்றெல்லாம் படிப்படியாக விளக்கியது. கேட்ட உழவர்கள் விதை வாங்கச் சென்றபோது ரகத்தின் எண் நினைவில் இல்லை. "ரேடியோ நெல் கொடுங்கள்" என்றே கேட்டார்களாம்! விதைக்குப் பெயர் சூட்டியது அதைப் படைத்த நிலையம் அன்று, அதன் செய்தியைக் கொண்டுவந்த பெட்டியே.

கேட்டால் மட்டும் போதுமா?

அப்படியானால் வீட்டுக்கு ஒரு வானொலி இருந்தால் போதும் என்று தோன்றும். அது சரியா என்பதை 1956ஆம் ஆண்டிலேயே சோதித்துப் பார்த்தனர். யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி, புனே வட்டாரத்தின் 5 மாவட்டங்களில் 150 சிற்றூர்களில் 'வானொலி உழவர் மன்றம்' அமைத்தது. ஊருக்கு இருபது பேர் அளவில் ஓரிடத்தில் கூடி, வாரம் இருமுறை நிகழ்ச்சி கேட்டனர். கேட்டு முடித்ததும் அதைப் பற்றித் தமக்குள் கலந்து பேசினர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். இத்திட்டத்துக்கு வழிகாட்டி, கனடா நாட்டு உழவர்களின் வானொலி மன்றம்.

பின்னர் மூவகை ஊர்களை ஒப்பிட்டனர். மன்றம் இருந்த ஊர்களில் உழவர் அறிவு நன்கு வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி மிகச் சிறிதே. பெட்டியே இல்லாத ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதிலிருந்து நாம் உணர்வது என்ன? செய்தி வந்து விழுந்தால் மட்டும் போதாது. கூடிப் பேசினால்தான் அது வேர் பிடிக்கும். டீக்கடைத் திண்ணையும் ஊர்ச் சாவடியும் வீண்பேச்சுக்கு மட்டும் உரியன என்று எண்ணுவது பிழையாகும்.

பூவின் விலையும் கத்தரியின் விலையும்

தண்ணீர்ச் செய்திக்குச் சில வாரம் ஆயுள் உண்டு. விலைச் செய்திக்கோ சில மணி நேரமே. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். விடியுமுன்னே மொட்டாகப் பறிக்க வேண்டும். அந்தி சாய்வதற்குள் அது மலர்ந்துவிடும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலையில் நிலவும் விலையை அறியாதவர், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மார்கழி, தை மாதப் பனியில் விளைச்சல் குறைந்து விலை ஏறும். அதே செடி வெயில் காலத்தில் பூத்துக் குலுங்கும்போது விலை தரையில் கிடக்கும்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். வயலுக்கே வந்து கத்தரிக்காய் எடுத்துச் செல்லும் வியாபாரி ஒருவர், "இன்றைக்கு மார்க்கெட் படுத்துவிட்டது" என்று சொல்லிப் பாதி விலைக்கு நான்கு மூட்டை வாங்கிச் சென்றார். அன்று மாலையே, பக்கத்து ஊரிலிருந்து வந்த அத்தை அதே காயை நல்ல விலைக்குப் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அக்குடும்பத்துக்கு அன்று குறைந்தது மழையன்று, எருவன்று. ஒரே ஒரு செய்தி.

இக்குறையைப் போக்கவே தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவர் இடைத்தரகர் இன்றித் தாமே விற்கலாம், தரகு இல்லை. அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். அந்தப் பலகையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். வாங்குபவரும் விற்பவரும் ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் படிப்பதால், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத நிலை அங்கே இல்லை.

இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். இன்றைய விலை, மூன்று மாதத்துக்கு முன் நட்ட பயிரின் விலை. தக்காளி விலை ஏறிவிட்டது என்று கேட்டு எல்லாரும் தக்காளியே நட்டால், காய்ப்பு வரும்போது சந்தையில் குவியல் குவியலாகக் கிடக்கும்; பறிகூலிக்கும் கட்டாது. ஆதலால்தான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், அறுவடைக் காலத்தில் விலை எவ்வாறு இருக்கும் என்பதை விதைப்புக்கு முன்னரே கணித்து வெளியிடுகிறது. நேற்றைய விலையை அறிவது செய்தி. நாளைய விலையை எண்ணிப் பார்ப்பது அறிவு.

பூச்சியை முந்தும் செய்தி

2018ஆம் ஆண்டு அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் காணப்பட்டது. அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோளக் கொல்லைகளையும் தாக்கியது. அதன் தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்க வல்லதாம். அப்படியானால் செய்தி அதைவிட விரைவாகப் பறக்க வேண்டாமா?

இன்று கைப்பேசியில் செய்தி பறக்கத்தான் செய்கிறது. ஆனால் நல்லதோடு பொய்யும் சேர்ந்து பறக்கிறது. "இந்த மருந்தை இரு மடங்கு அடித்தால் புழு ஓடிவிடும்" என்று யாரோ அனுப்புவார். எழுதியவர் யார், எந்தப் பயிருக்கு, எந்தத் தேதியில் என்று ஒன்றும் இராது. அதை நம்பினால் பணமும் போகும், மண்ணும் கெடும், மருந்து அடிப்பவர் உடலும் நலியும். விதையை வாங்கும்போது சான்று அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? செய்திக்கும் அவ்வாறே சான்று பார்த்தல் நலம்.

நம்பத்தக்க வழிகள் பல உள்ளன. 2004ஆம் ஆண்டு தொடங்கிய உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். வானிலை ஆய்வுத் துறை வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய நாள்களில் உழவர்க்கான வானிலை அறிக்கை தருகிறது. 2018இல் தமிழக அரசு 'உழவன்' செயலியை வெளியிட்டது. ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

கடைமடையில் நிற்பவர் யார்?

இத்தனை வாய்க்கால்கள் வெட்டியும் செய்தி சென்று சேராத வயல் ஒன்று உண்டு. அது எங்கள் வீட்டு அடுக்களையில் தொடங்குகிறது.

நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பூப் பறிப்பதும் பெரும்பாலும் எங்கள் தாய்மாரும் அக்காமாருமே. புழு விழுந்த இலையை முதலில் காண்பவரும் அவர்களே. ஆனால் டீக்கடைப் பெஞ்சில் அவர்களுக்கு இடமில்லை. வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால் அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். அரசு அனுப்பும் குறுஞ்செய்தி நிலத்தின் உரிமையாளர் எண்ணுக்கே வரும். குத்தகைக்கு உழுபவர், கூலிக்கு நடுபவர் காதில் அது கடைசியாக விழும். சில சமயம் விழாமலே போகும். பயிர்க் காப்பீட்டில், தனி வயலுக்கு நேரும் சில வகைச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாள் மாலையில் இதைக் கேள்விப்படும் கைம்பெண் ஒருவர் என்ன செய்வார்?

இதை மாற்ற முடியும் என்பதற்குத் தேனி மாவட்டப் பெண்கள் சாட்சி. 2000களின் இறுதியில் 'விடியல்' என்னும் தொண்டு நிறுவனமும், கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்னும் அமைப்பும் சேர்ந்து அங்கே ஒரு திட்டத்தை நடத்தின. அப்பெண்கள் வங்கியில் கடன் வாங்கியபோது ஆடுகளுடன் ஒரு கைப்பேசியும் சேர்த்து வாங்கினர். ஆடு வளர்ப்புப் பாடங்கள் குரல் வடிவில் அக்கைப்பேசிக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆடு மேய்த்துக்கொண்டே பாடம் கேட்டனர். குழுவாகக் கூடும்போது அதைப் பற்றிப் பேசினர். புனே ஊர்களில் கண்ட அதே உண்மை தேனி மேய்ச்சல் காட்டிலும் பலித்தது.

நாம் செய்யத்தக்கவை

அன்புத் தோழியரே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பொதுத்தேர்வுச் சுமை நமக்கு உண்டென்பது உண்மையே. ஆயினும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதா?

எங்களில் ஆறு பேர் இவ்வாண்டு எங்கள் தெருக்களில் சிறு கரும்பலகை ஒன்றை மாட்டி எழுதி வருகிறோம். அணை நீர்மட்டம், முறைத் தண்ணீர் வரும் நாள், உழவர் சந்தை விலை, செவ்வாய் வெள்ளி வானிலை ஆகிய நான்கே செய்திகள். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதியும், எங்கிருந்து பெற்றோம் என்பதும் எழுதுகிறோம். தொடக்கத்தில், "படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்றவர்கள் உண்டு. ஆனால் மாலையில் நடவு முடிந்து சேற்றுக் காலோடு வரும் அம்மாக்கள் பலகை முன் நின்று, "இதை வாசித்துச் சொல்லம்மா" என்று கேட்கிறார்கள். வாசித்ததும் அங்கேயே பேச்சு தொடங்கிவிடுகிறது. ஒரு பாட்டி ஒரு நாள், "இவ்வளவு நாளும் இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். அச்சொல் எங்கள் மனத்தில் தைத்தது.

ஆகவே, ஒவ்வொரு மாணவியும் தன் தாய்க்கோ பாட்டிக்கோ நாள்தோறும் ஓர் உழவுச் செய்தியேனும் வாசித்துச் சொல்ல வேண்டுகிறோம். பெற்றோர்களே, கைப்பேசிக்கு வரும் வேளாண் செய்தியை வீட்டுப் பெண்கள் காதிலும் போட்டு வையுங்கள். ஊராட்சிக் கிராமசபைக்குத் தாய்மாரையும் அழைத்துச் செல்லுங்கள். அருட்சகோதரிகளே, வாரம் ஒரு முறை காலை வழிபாட்டு அறிவிப்பில் வேளாண் வானிலைக்கும் ஒரு நிமிடம் தந்தருள வேண்டுகிறோம்.

பென்னிகுயிக் மலையைக் குடைந்து நீரைக் கொண்டுவந்தார். நமக்கு மலையைக் குடையும் வேலை இல்லை. கற்ற எழுத்தைக் கொண்டு நம் தெருவுக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் போதும். தலைமடை நிறைந்திருப்பது மட்டும் நல்ல பாசனம் ஆகாது. கடைமடை வயலும் நனைந்தால்தான் ஊர் விளையும்.